மியூஸ்ஸ்கோரில் தமிழ் வரிகளோடு நான்கு குரல் பாடல்: வீட்டு பிரிண்டரில் ஒழுங்காக எடுப்பது எப்படி?

கடைசிவரிசை பாஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மியூஸ்ஸ்கோர் 4 (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்), விண்டோஸ் 11, கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் (ஏ4 மட்டும், இருபக்க அச்சு உண்டு). குயருக்காக ஒரு பாமாலைப் பாட்டு. மேல் ஸ்டாஃபில் (சுரம் எழுதும் ஐந்து கோட்டில்) சோப்ரானோவும் ஆல்டோவும், கீழ் ஸ்டாஃபில் டெனரும் பாஸும், நடுவில் தமிழ் வரிகள். நாலு சரணம், நாலு பக்கம், 24 பிரதி வேண்டும். சுரங்கள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. தகராறு இவைதான்:

தமிழ் வரி போட்டதும் பார்கள் (தாளக் கட்டங்கள்) அகலமாக விரிந்து, ஒரு வரிசைக்கு இரண்டு பார்தான் நிற்கிறது. சில இடத்தில் எழுத்துக்குப் பதில் புள்ளி வட்டம் வருகிறது. டைப் பண்ணும்போது பாதி சொல்லிலேயே கர்சர் அடுத்த சுரத்துக்குத் தாவுகிறது. அச்சில் ஸ்டாஃப் கோடுகள் ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெல்லிசாகவும் வருகின்றன, மொத்தமும் திரையில் பார்த்ததைவிடச் சின்னதாகத் தெரிகிறது. இந்த நாலு பக்கத்தை ஏ3 இல்லாமல் எப்படிப் புத்தகமாக்குவது என்பதும் தெரிந்தால் நல்லது.

---

தாள்மை பதில்:

முதலில் அளவைத் தீர்த்துவிடுங்கள். வரி, எழுத்துரு, பக்க முறிவு எல்லாம் அதைப் பொறுத்தே நகரும். கடைசியில் அளவை மாற்றினால் செய்த வேலை முழுக்கக் கலைந்துபோகும்.

ஃபார்மட் மெனுவில் பேஜ் செட்டிங்ஸ் திறந்து, பக்கம் ஏ4 தானா என்று பாருங்கள். வெளியிலிருந்து இறக்கிய கோப்பு என்றால் பெரும்பாலும் அமெரிக்க லெட்டர் அளவில் இருக்கும் (215.9 × 279.4 மிமீ). அதை ஏ4 தாளில் அடித்தால் பிரிண்டர் தானாகவே சுருக்கும். "சின்னதாகத் தெரிகிறது" என்பதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம், பிடிஎஃப் அச்சிடும்போது "ஃபிட்" என்ற தேர்வு. அதை எடுத்துவிட்டு "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100% போடுங்கள்.

சரிபார்க்க ஸ்டாஃபின் உயரத்தை அளக்காதீர்கள், அவ்வளவு சின்ன நீளத்தில் பிழை தெரியாது. இடது வலது மார்ஜின் 15 மிமீ என்றால், பக்கத்துக்குக் குறுக்கே ஸ்டாஃப் கோட்டின் நீளம் சரியாக 180 மிமீ இருக்க வேண்டும் (உள்ளே தள்ளித் தொடங்கும் முதல் வரிசையை விட்டுவிட்டு அடுத்ததை அளக்கவும்). ஸ்கேலில் 174 காட்டினால் 97 சதவீதத்துக்குச் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அதே பேஜ் செட்டிங்ஸில் "ஸ்டாஃப் ஸ்பேஸ்" என்றொரு எண் இருக்கும், பொதுவாக 1.75 மிமீ. ஸ்டாஃபில் நாலு இடைவெளி இருப்பதால் ஸ்டாஃப் உயரம் 7 மிமீ. கீபோர்டு வாசிப்பவருக்கு அது சரி. கையில் பிடித்துப் பாடும் குயருக்கு 1.6 போதும், 6.4 மிமீ வரும். அதற்கும் கீழே இறக்குவது எனக்கு உடன்பாடில்லை, மாலை ஆராதனையின் மங்கல் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. 1.6 வைத்து, மூன்று சரணம் நடுவில் ஓடினால் ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிசை வசதியாக உட்காரும்.

இங்கே ஒரு கண்ணி. டெக்ஸ்ட் ஸ்டைல்ஸில் லிரிக்ஸுக்கு "ஃபாலோ ஸ்டாஃப் சைஸ்" என்ற டிக் இருக்கும். அது இருந்தால் நீங்கள் போடும் 10 பாயின்ட் அப்படியே அச்சாகாது. ஸ்டாஃப் ஸ்பேஸ் 1.6 ஆனதும் எழுத்து சுமார் 9 பாயின்டுக்கு இறங்கும். ஆங்கிலத்துக்குப் பரவாயில்லை, ணை, ஞா, ஷ்ட போன்றவை அடைந்துபோகும். டிக்கை எடுத்துவிட்டு நேராக 10 அல்லது 10.5 வையுங்கள். வயதானவர்கள் அதிகமுள்ள குயர் என்றால் 11.

கோடு தடிப்பு விஷயம். மியூஸ்ஸ்கோரில் ஸ்டாஃப் கோட்டின் தடிப்பு ஸ்டாஃப் ஸ்பேஸில் 0.11 பங்கு. 1.6 மிமீக்கு அது 0.176 மிமீ. பிரிண்டர் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஓடினால் ஒரு புள்ளி 0.085 மிமீ, அதாவது கோட்டுக்கு இரண்டு புள்ளியும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தால்தான் சில கோடு இரண்டு புள்ளியிலும் சில கோடு மூன்று புள்ளியிலும் விழுகிறது. கண்ணுக்கு அது ஒன்றரை மடங்கு வித்தியாசம். 600 டிபிஐயில் நாலா ஐந்தா என்பதுதான் பேச்சு, அவ்வளவாகத் தெரியாது. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 600 அல்லது 1200 இருக்கும், அதை எடுங்கள். டோனர் சேவரை அணைத்துவிடுங்கள். அது கறுப்பைப் பொட்டுப் பொட்டாக மாற்றும், மெல்லிய கோடு முதலில் அடிபடும்.

திரையில் மட்டும் கோடு ஏறுமாறாகத் தெரிந்தால் அது அக்ரோபேட் ரீடரின் வேலை. ப்ரிஃபரன்ஸில் பேஜ் டிஸ்ப்ளே பகுதியில் "என்ஹான்ஸ் தின் லைன்ஸ்" என்பதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

படமாக (பிஎன்ஜி) ஏற்றி வேர்டில் ஒட்டி அச்சிடும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பிடிஎஃப் மட்டும்.

---

அசைபிரி பதில்:

அளவு பற்றி மேலே சொன்னது சரி. நான் தமிழ் வரிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பார் விரிவதற்குக் காரணம் எழுத்துரு. மியூஸ்ஸ்கோரின் இயல்பு எழுத்துருவான எட்வினில் தமிழே கிடையாது. அதனால் விண்டோஸ் தன்னிடம் உள்ளதை எடுத்து நிரப்புகிறது, பெரும்பாலும் நிர்மலா யுஐ. திரைக்காகச் செய்த எழுத்துரு அது, பாட்டு வரிக்கு அகலம். ஃபார்மட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய் "லிரிக்ஸ் ஆட் லைன்ஸ்", "லிரிக்ஸ் ஈவன் லைன்ஸ்" என்ற இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் 1, 3 சரணம் ஒரு எழுத்திலும் 2, 4 வேறு எழுத்திலும் நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழில் ஒடுங்கிய வகை இருக்கிறது, செமி கண்டென்ஸ்டு என்று பெயர். முக்தா மலரும் நன்றாக அடங்கும். ஒரே கோப்பில் எல்லாத் தடிப்பும் வரும் வேரியபிள் வகையை விட்டு, தனித்தனிக் கோப்பாக வரும் ஸ்டாடிக் வகையை நிறுவுங்கள்.

அப்புறம் ஸ்டைலிலேயே லிரிக்ஸ் பக்கத்தில் அசைகளுக்கு நடுவே குறைந்தபட்ச இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் ஹைஃபன் தெரிகிற அளவுக்கு இடம் விடுங்கள். வரி உயரத்தைத் தலைகீழாகக் கூட்ட வேண்டும், 1.2 வரைக்கும். கூ, மூ போன்றவற்றின் வால் கீழே இறங்கும், கீ, மீ போன்றவற்றின் கொக்கி மேலே ஏறும். இயல்பு அளவில் விட்டால் இரண்டாம் சரணத்தின் கொக்கி முதல் சரணத்தின் வாலில் இடிக்கும்.

நாலு சரணத்தையும் ஸ்டாஃபுக்கு நடுவில் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. டெனர் வரி சோப்ரானோவிலிருந்து எட்டிப்போய்விடும், கண் ஒரே பார்வையில் இரண்டையும் பிடிக்காது. மூன்றை உள்ளே வைத்து, நாலாவதைக் கடைசியில் டெக்ஸ்ட் ஃப்ரேம் சேர்த்து வெறும் செய்யுளாகப் போடுங்கள்.

அசை பிரிப்பு: புள்ளி வைத்த மெய் எப்போதும் முன்னால் உள்ள உயிரோடு ஒட்டும். கர்த்-தர், இ-ரக்-கம், அன்-பு. ஒரு அசை மெய்யில் தொடங்கவே கூடாது. ஸ்தோத்-தி-ரம் மாதிரி சொல்லின் முதலிலேயே மெய் வந்தால் மட்டும் விலக்கு, அங்கே வேறு வழியில்லை. இர-க்கம் என்று வெட்டியிருந்தால், பாடுகிறவர் முந்தின சுரத்தைத் திறந்த வாயோடு விட்டுவிட்டு அடுத்த சுரத்தில் இடறுவார்.

கர்சர் தாவுவது: மியூஸ்ஸ்கோரில் கண்ட்ரோல் + எல் அடித்து வரி போடும்போது ஸ்பேஸ் என்றால் அடுத்த சுரம், ஹைஃபன் என்றால் அதே சொல்லின் அடுத்த அசை, அண்டர்ஸ்கோர் என்றால் இழுப்பு (ஒரே அசையைப் பல சுரத்துக்கு நீட்டுவது). ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளும் சொல்லை முடிக்க ஸ்பேஸையே பயன்படுத்துகின்றன. இரண்டும் மோதுகின்றன. தமிழ்99 விசைப்பலகையில் இந்தச் சண்டை இல்லை. அது பழக்கமில்லை என்றால் இப்படிச் செய்யலாம்:

நோட்பேடில் ஒரு சரணத்தை முழுக்க அடித்து அசை பிரித்து வையுங்கள், சொல்லுக்குச் சொல் ஒரு ஸ்பேஸ், அசைக்கு அசை ஒரு ஹைஃபன். எல்லாவற்றையும் காப்பி செய்து, மியூஸ்ஸ்கோரில் முதல் சுரத்தைத் தேர்ந்து கண்ட்ரோல் + எல், பிறகு கண்ட்ரோல் + வி. ஒரு தடவை அடித்தால் ஒரு அசை விழுந்து கர்சர் நகரும். அழுத்திக்கொண்டே போனால் சரணம் முடியும். இழுப்பு வரும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். சொல்லின் கடைசி அசை என்றால் அண்டர்ஸ்கோர், நடு அசை என்றால் ஹைஃபனை இன்னொரு தடவை அடித்து அடுத்த சுரத்துக்குத் தள்ளுங்கள். இரண்டாம் சரணத்துக்கு வரி போடும் நிலையிலேயே என்டர்.

புள்ளி வட்டம்: எழுத்து இல்லாமல் குறி மட்டும் தனியாக நிற்கும்போது வருவது அது. பழைய பிடிஎஃபிலிருந்து வரியை ஒட்டியிருப்பீர்கள். அதில் "கெ" என்பது பார்வையில் உள்ள வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு க என்று வந்திருக்கும். யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். அந்த அசையை அழித்துப் புதிதாக அடிப்பதுதான் வேகமான வழி. மூலக் கோப்பு பாமினி என்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் முழுப்பாட்டையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், என்எச்எம் கன்வெர்ட்டர் போதும். கௌ என்பதை கெ + ள என்று அடித்திருக்கிறார்களா என்றும் ஒரு கண் வையுங்கள். ஒரே அசையாக இருந்தால் பார்வைக்குத் தெரியாது, கெ-ள என்று பிரித்த இடத்தில் பல்லிளிக்கும்.

---

கடைசிவரிசை பாஸ்:

இரண்டு பேருக்கும் நன்றி. எழுத்துருவை மாற்றியதும் வரிசைக்கு நாலு பார் வந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். டெனர் ஓரிடத்தில் மற்றவர்களைவிட ஒரு பீட் தள்ளி நுழைகிறது, அதே வரி நடுவில் இருந்தால் குழப்பம். இன்னொன்று, எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சோல்ஃபா (டோ, ரே, மி என்று சுரங்களை எழுத்தால் குறிக்கும் முறை) மட்டும்தான் படிப்பார்கள். அதையும் இதே தாளில் சேர்க்க முடியுமா?

---

அசைபிரி:

டெனர் நுழையும் அந்த இரண்டு மூன்று பாருக்கு மட்டும் டெனர் சுரங்களிலேயே தனியாக வரி போடுங்கள். போட்டபின் அந்த அசைகளைத் தேர்ந்து எக்ஸ் விசையை அடித்தால் அவை கீழ் ஸ்டாஃபுக்கு மேலே வந்து உட்காரும். பாட்டு முழுக்க அப்படித்தான் என்றால் ஒரு ஸ்டாஃபில் இரண்டு குரல் வைக்கும் மூடிய அமைப்பே தவறு. நாலு குரலுக்கும் நாலு ஸ்டாஃப் வைப்பது நல்லது, பக்கம் கூடினாலும் சரி.

சோல்ஃபா: சுரத்தலைக்குள் பெயர் காட்டும் வசதி மியூஸ்ஸ்கோரில் இருக்கிறது, ஆனால் அது நம் குயர்களில் புழங்கும் டானிக் சோல்ஃபா ஆகாது. தாளக் குறி எதுவும் இல்லை, அந்த அளவில் படிக்கவும் முடியாது. லிரிக்ஸின் இன்னொரு வரியாக அடித்து, எக்ஸ் விசையால் ஸ்டாஃபுக்கு மேலே ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவரும். முக்காற்புள்ளியும் புள்ளியும் சிக்கல் தராது. நீட்டலுக்கான கோடுதான் வம்பு. வெறும் ஹைஃபன் அடித்தால் கர்சர் தாவிவிடும். கண்ட்ரோலோடு சேர்த்து ஹைஃபன் அடித்தால் எழுத்தாகவே விழும். ஒரே சுரத்துக்குள் இடைவெளி வேண்டுமென்றால் அதேபோல் கண்ட்ரோல் + ஸ்பேஸ்.

ஆனால் நாலு குரலுக்கும் சோல்ஃபாவை இதில் ஏற்றினால் தாள் சந்தையாகிவிடும். சோப்ரானோவுக்கு மட்டும் மேலே போட்டு, மற்ற குரல்களுக்குத் தனித் தாள் எடுக்கலாம்.

---

ஆர்கன் பெடல் பதில்:

மியூஸ்ஸ்கோரே போதும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஆண்டுதோறும் நூறு பாட்டு ஒரே அச்சில் வெளியிடுகிற குயர் என்றால் லிலிபாண்ட் என்ற இசைக்குறிப்பு மென்பொருளைப் பாருங்கள். அதில் சுரமும் வரியும் எழுத்துக் கோப்பாகவே இருக்கும். அசைக்கு நடுவில் இரட்டை ஹைஃபன், இழுப்புக்கு இரட்டை அண்டர்ஸ்கோர், இரண்டுக்கும் இருபக்கமும் ஸ்பேஸ் விட வேண்டும். மேலே சொன்ன நோட்பேடு வரியை ஒரே ரீப்ளேஸில் இந்த வடிவத்துக்கு மாற்றிவிடலாம். தமிழ் எழுத்தைப் பாங்கோ நூலகம் வழியாக அடுக்குவதால் கொம்பும் காலும் இடம் மாறாது. ஸ்டாஃப் அளவு பாயின்டில்: இயல்பு 20 என்பது 7.03 மிமீ, 18 வைத்தால் 6.33. அளவு, மார்ஜின், எழுத்துரு எல்லாவற்றையும் ஒரு பொதுக் கோப்பில் வைத்து ஒவ்வொரு பாட்டும் அதை இழுத்துக்கொண்டால் நூறும் ஒரே முகமாக வரும். ஒற்றைப் பாட்டுக்கு இதைக் கற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

யாரிடமாவது ஃபினாலே என்ற இன்னொரு இசைக்குறிப்பு மென்பொருளின் பழைய கோப்புகள் இருந்தால் இப்போதே மியூசிக்எக்ஸ்எம்எல் (பல மென்பொருள்களும் படிக்கும் பொது வடிவம்) ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள். அதன் சொந்தக் கோப்பை மற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் நேராகத் திறக்காது. மாற்றியபின் சுரம் அப்படியே வரும், பக்க அமைப்பு வராது. தமிழ் வரி பழைய எழுத்துருவில் இருந்தால் ஆங்கிலக் குப்பையாக வரும்.

மியூஸ்ஸ்கோர் கோப்பை மற்றவருக்கு அனுப்பும்போது கவனம், அதற்குள் எழுத்துரு போகாது. எதிர்முனைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வரிகள் அகன்று பக்க முறிவு மாறிவிடும். அச்சுக்குப் போவது எப்போதும் பிடிஎஃபாக இருக்கட்டும்.

---

தாள்மை:

புத்தகமாக்கும் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஏ4 பிரிண்டரில் "புக்லெட்" தேர்வு போட்டால் ஒவ்வொரு பக்கமும் ஏ5 ஆகி 71 சதவீதத்துக்குச் சுருங்கும். உங்கள் 6.4 மிமீ ஸ்டாஃப் 4.5 ஆகிவிடும், பாட முடியாது. பாமாலைப் புத்தக அளவுதான் வேண்டும் என்றால் தொடக்கத்திலேயே பக்கத்தை ஏ5 (148 × 210) என்று வைத்து, ஸ்டாஃப் ஸ்பேஸ் 1.4, மார்ஜின் 10 என அமைக்க வேண்டும். அதில் நாலு பக்கப் பாட்டு ஏழெட்டுப் பக்கம் ஆகும்.

ஏ4 ஆகவே வைக்க: ஒரு பிரதிக்கு இரண்டு தாள். முதல் தாளில் 1, 2. இரண்டாம் தாளில் 3, 4. இருபக்க அச்சில் "ஃபிளிப் ஆன் லாங் எட்ஜ்" (நீள விளிம்பில் திருப்புவது), "கொலேட்" (பிரதி பிரதியாக வரிசையாக எடுப்பது) இரண்டும் இருக்கட்டும். 24 பிரதிக்கு 48 தாள். ஆனால் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, தலைகீழாக வரவில்லை என்று பார்த்துவிட்டு மீதியை விடுங்கள்.

ஒட்டுவதற்கு: பக்கம் 2ம் 3ம் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு தாளையும் சேர்த்து, மேசையில் தட்டி விளிம்பைச் சமமாக்குங்கள். பக்கம் 1ஐ மேலே வைத்தால் முதுகு இடப்பக்கம். அந்த விளிம்பின்மேல் அரை அங்குல மைக்ரோபோர் டேப்பை (மருந்துக்கடையில் காயத்துக்குப் போடும் காகித டேப்) பாதி முன்பக்கமும் பாதி பின்பக்கமுமாக மடித்து ஒட்டினால், விரிக்கும்போது தட்டையாகத் திறக்கும். செல்லோடேப் வேண்டாம். விறைத்து நிற்கும், மஞ்சளாகும், நாளானால் பசை கசிந்து அடுத்த தாளைப் பிடிக்கும், மேடை விளக்கில் பளபளக்கவும் செய்யும்.

ஏ3 கடையில் எடுப்பதாக இருந்தால் அதே பிடிஎஃபைக் கொடுத்து, ஏ3 தாளில் புக்லெட், "ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்" என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் 4-1, மறுபக்கம் 2-3 என்று விழ வேண்டும். அங்கேயும் "ஃபிட்" போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் கை தானாக அதைத்தான் அழுத்தும்.

தாள்: சாதாரண 70, 75 ஜிஎஸ்எம் காப்பியர் தாளில் இருபக்கம் அடித்தால் பின்பக்கச் சுரங்கள் மங்கலாக ஊடுருவித் தெரியும். விளக்கு ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் மோசம். 100 ஜிஎஸ்எம் எடுங்கள், லேசான மஞ்சள் நிறம் கிடைத்தால் கண் கூசாது. கட்டைப் பிரித்துவிட்டால் மீதியை உறையிலேயே சுற்றி வையுங்கள். கடற்கரை ஊர்களில் ஈரம் ஏறிய தாள் லேசரின் சூட்டில் சுருண்டு, இரண்டாம் பக்கம் போகும்போது சிக்கிக்கொள்ளும்.

இங்க்ஜெட் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வரி: கறுப்பு மை டை வகை என்றால் ஹைலைட்டர் போட்டதும் கலங்கும், பிக்மென்ட் வகை தாங்கும். டிராஃப்ட் மோடில் எடுக்கவே கூடாது.

கீபோர்டு வாசிப்பவருக்கு இதே அமைப்பைக் கொடுக்கும்போது 1ம் பக்கத்தின் கடைசி பாரையும் 3ம் பக்கத்தின் கடைசி பாரையும் பாருங்கள், அந்த இரண்டு இடத்தில்தான் அவர் தாளைத் திருப்ப வேண்டும். இரண்டு கையும் ஓடிக்கொண்டிருந்தால், கொஞ்சம் முன்னால் கை ஓயும் இடத்தின் பார்கோட்டைத் தேர்ந்து கண்ட்ரோல் + என்டர் அடித்துப் பக்கத்தை அங்கேயே முறியுங்கள். வெறும் என்டர் அடித்தால் வரிசை மட்டும் முறியும். பக்கத்தின் அடியில் வெற்றிடம் வந்தாலும் கவலையில்லை.

---

கடைசிவரிசை பாஸ்:

கோட்டை அளந்தேன், 175 தான் இருந்தது, ஃபிட் எடுத்ததும் 180. பிரிண்டர் 300 டிபிஐயில் கிடந்தது, 600க்கு மாற்றியாயிற்று. கடைசியாக ஒன்று: பிடிஎஃபில் சரியாக இருக்கும் இரண்டு மூன்று தமிழ் எழுத்து பேப்பரில் மட்டும் சிதறி வருகிறது. கொம்பு தனியாக விலகி நிற்கிறது.

---

ஆர்கன் பெடல்:

பிடிஎஃப் சரி, தாள் தவறு என்றால் அது பிரிண்டர் டிரைவர் எழுத்துருவைக் கையாளும் விதம். அக்ரோபேட்டின் அச்சுச் சாளரத்தில் "அட்வான்ஸ்ட்" போய் "பிரிண்ட் ஆஸ் இமேஜ்" டிக் செய்து, பக்கத்திலேயே 600 டிபிஐ கொடுங்கள். அதில் இயல்பாக 300 இருந்தால் மறுபடியும் உங்கள் கோடுகள் தடிப்பும் மெலிவுமாகிவிடும். 24 பிரதியும் ஒரேயடியாக அனுப்பினால் பிரிண்டரின் நினைவகம் திணறலாம், நாலைந்தாகப் பிரித்து அனுப்புங்கள்.